ஏழு நிறக் கலியாணக் கார்ட்

ஆகஸ்ட் 9, சனி

காலையில் மழை. பத்து மணிக்கு நல்ல வெயில். காரை எடுக்கும்போது திரும்ப மழை. ஆக்லாந்து தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

காரில் ஏறும்போதே, சீட்டில் கிடந்த என் வாசிப்புக் கண்ணாடி மேல் குந்திவிட்டேன். சட்டம் இரண்டாக, ஒரு வில்லை சீட்டுக்கு அடியில். இவர் சொல்கிறார், "கண்ணாடியை மூக்கிலை போடுறதுதான் வழக்கம்." மூன்று நாள் கதைக்காமல் விடலாம் என்று யோசித்தேன். கலியாண வேலை இவ்வளவு கிடக்கும்போது கட்டுப்படியாகாது.

புதுக் கண்ணாடி வர ஒரு கிழமைக்கு மேல் ஆகுமாம். அதுவரை தூரத்து பஸ் நம்பர் தெரியும், கையில் இருக்கிற பேப்பர் தெரியாது. இதைக்கூட பெரிய பெரிய எழுத்தில் எழுதுகிறேன். கோடு எங்கே போகிறதோ, நான் எங்கே போகிறேனோ.

செய்ய வேண்டியவை:
கலியாண ஹோல்காரருக்கு போன்.
பிளவுஸ் அளவு.
வாழையிலை யாரிடம்?
கார்ட்!!!

கார்ட்தான் தலையிடி. நான் கேட்டது சிவப்பு அட்டை, பொன் எழுத்து, மேலே பிள்ளையார். மகள் அபி கேட்டது வெள்ளைப் பேப்பர், மூலையில் சின்னதாக இரண்டு பெயர். "அது செத்தவீட்டு நோட்டீஸ்" என்றேன். அவள் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. சண்டை பிடித்தால் அவள் என் பிள்ளை. பேசாமல் விட்டால்தான் எனக்குப் பயம்.

அபி பிறந்து வளர்ந்தது இங்கே. நான் தமிழில் கேட்பேன், அவள் பாதிக்கு மேல் இங்கிலிஷில் பதில் சொல்வாள். எழுதும்போது தமிழாக்கித்தான் எழுதுவேன். என் டயறி, என் பாஷை. மாப்பிள்ளை கார்த்திக் கோயம்புத்தூர்ப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை, தங்கமான குணம். ஒரே ஒரு விஷயம்தான். இரண்டு வருஷமாக ரெண்டு பேரும் டவுனில் ஒரே ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். கேட்கிற ஆட்களுக்கு நான் சொல்வது, "சிநேகிதி ஒருத்தியோடை இருக்கிறாள்." அந்த ஃப்ளாட்டின் வாசலை இன்னும் மிதிக்கவில்லை. முதலில் எல்லாம் "வாங்கோ அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு முழங்கால் நோவு. இப்போது கூப்பிடுவதில்லை. என்னிடம் கதைப்பதும் கடைக்காரரோடு கதைக்கிற மாதிரி, மரியாதையாக. அதுதான் தாங்க முடியவில்லை.

கலியாணம் முடிந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார் இவர். ஆகுமா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில்! முழு நாளும்!

அபி டவுனுக்கு வரச் சொன்னாள். ஃப்ளாட்டுக்கு இல்லை, ஓவியக் கண்காட்சிக்கு. கார்டுக்கு ஏதாவது யோசனை பிடிக்கலாமாம். கண்ணாடி உடைந்த கதையைச் சொல்லவில்லை. அப்பாவும் மகளும் சேர்ந்தால் ஒரு மாதத்துக்கு என்னை விடமாட்டார்கள்.

ஜப்பான்காரர் ஒருவரின் ஸ்க்ரீன் பிரிண்டுகள். பெயர் அபி சொன்னாள், வாய்க்குள் நிற்கவில்லை. அவர் காலத்தில் பெரிய கலகக்காரராம், ஊரோடு ஒத்துப்போகாத கூட்டமாம். அம்மாடி, என்ன நிறம்! குதிரை வானவில். மீன் வானவில். வாழைப்பழம்கூட வானவில். சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடிந்து, மூச்சு விடாமல் திரும்பவும் சிவப்பு. பா. நிலையத்தில் (நான் வேலை செய்கிற பிள்ளைகள் பராமரிப்பு நிலையம்) மூன்று வயதுப் பிள்ளைகள் தூரிகையை வைத்துச் செய்கிற கூத்தை இந்த மனிசன் எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படியான இடங்களில் சத்தமாகச் சிரிக்கலாமா தெரியாது, சிரித்தேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தாத்தா ஒருவரும் கூடச் சிரித்தார்.

கடைசியில் ஒரு சின்ன அறை. வாசலில் போர்ட் ஒன்று, பொடி எழுத்து. தொடாதே என்றுதான் இருக்கும், வேறென்ன. உள்ளே ஒரு சின்னப் படம், கிட்டப் போய்ப் பார்த்தேன். பட்டை பட்டையாக ஏழு நிறம், அதன் மேல் மெல்லிய கோடுகள். இரண்டு மலை. நடுவே வளைந்து ஓடுகிற ஆறு. மேலே முகில். அப்படியே நின்றுவிட்டேன். கலியாண வீடு என்றால் இப்படிப் பொலிய வேண்டும்.

"அபி, இதுதான் கார்ட்."

அபி என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். "இதுவோ அம்மா? வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஏன், எனக்கென்ன கண் இல்லையோ?"

கட்டிப்பிடித்துவிட்டாள். அத்தனை சனத்துக்கு முன்னால். காதுக்குள் "தாங்க் யூ அம்மா, தாங்க் யூ" என்று, குரல் உடைந்து. பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று விளங்கியது. கூட்டிக்கொண்டு போய் நூடில்ஸ் வாங்கிக் கொடுத்தேன். பஸ் தரிப்பிடம் வரை என் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். கடைசியாக எப்போது அப்படி நடந்தாளோ, ஞாபகமில்லை. ஜப்பான்காரருக்கு ஒரு கும்பிடு.

ஆகஸ்ட் 13, புதன்

காற்று. பக்கத்து வீட்டு ரீசைக்கிள் பின் எங்கள் வாசலில்.

கார்த்திக்கின் அம்மா போன். (இனி கா. அம்மா. கண்ணாடி இல்லாமல் நீட்டி எழுத முடியாது.) கோயம்புத்தூரில் இருந்து கலியாணத்துக்கு வந்து, ஆக்லாந்துக்குத் தெற்கே, வெங்காயத் தோட்ட ஊர் புக்கெகோஹியில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறா. ஆடி மாதத்தில் கார்ட் வேலை கூடுமா என்று கேட்டேன். "அடிக்கறதுக்கு என்னுங்க, அடிச்சு வெச்சுக்குங்க. குடுக்கறதுதான் ஆவணி பொறக்கட்டும்." நல்ல தீர்ப்பு. சனிக்கிழமை அடிப்பு, ஞாயிறு ஆவணி முதலாம் நாள், முதல் கார்ட் பிள்ளையாருக்கு.

அபி படத்தைத் தன் கையால் திரும்ப வரைந்துவிட்டாளாம். அப்படியே எடுத்தால் களவாம், பார்த்து வரைந்தால் மரியாதையாம். டிசைன் வேலை செய்கிற பிள்ளை, அவளுக்குத் தெரியும்.

பா. நிலையத்தில் மூன்று வயதுக்காரன் ஒருவன்: "ஊதாவுக்குப் பிறகு என்ன?" "முடிஞ்சுது." "ஏன்?" தூரிகையைக் கையில் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

மழை மழை மழை. கார் வெளியே நனைகிறது. கராஜ் இன்று அச்சகம்.

முறை இதுதான். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டின மெல்லிய துணி, அதுதான் ஸ்க்ரீன். அதன் மேல் ஓரத்தில் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், கருநீலம், ஊதா என்று மையைப் பக்கம் பக்கமாக வார்க்க வேண்டும். ரப்பர் விளிம்பு வைத்த கட்டையால் ஒரே இழுவை. துணிக்குள்ளால் இறங்கி, கீழே பேப்பரில் வானவில். நிறமும் நிறமும் சந்திக்கிற இடத்தில் தானாகக் குழையும். காய்ந்த பிறகு வேறொரு ஸ்க்ரீனால் கடும்நீலக் கோடு. பின்பக்கத்தில் எழுத்து, நாள், நேரம், ஹோல்.

இழுக்கிறது இவர். இத்தனை வருஷம் பஸ் ஓட்டின கை, அவசரமில்லாத கை. முதல் கார்ட் வந்ததும் மூன்று பேரும் "ஆ!" என்று கத்தினோம். கொஞ்ச நேரம் எல்லாம் வடிவு. பிறகு மஞ்சளும் ஊதாவும் கூடிக் குலாவி சாணி நிறம். ஸ்க்ரீனைக் கழுவித் திரும்பவும் முதலில் இருந்து. ஆகஸ்ட் ஈரத்தில் எங்கள் வீட்டில் பனியனே காயாது, கார்ட் எங்கே காயும்? கயிறு கட்டி, உடுப்புக் கிளிப் போட்டு, வரிசையாகத் தொங்கவிட்டு நான் தலைமயிர் காயவைக்கிற மெஷினோடு ஓடித் திரிந்தேன். சந்தோஷமாக இருந்தது. அபி பாட்டுப் போட்டாள், நான் கூட ஆடினேன். மூக்கில் பச்சை மை.

இவர்தான் ஒரு மாதிரி. ஒவ்வொரு கார்டையும் தூக்கிப் பார்ப்பதும் சிரிப்பை விழுங்குவதும். அபி ஸ்க்ரீன் கழுவ வெளியே போன நேரம் கேட்டேன்.

"என்ன, பல்லைக் காட்டுறீங்கள்?"

"ஒண்டுமில்லை. மலை வடிவா வந்திருக்கு."

"பின்னை? ஆர் தெரிஞ்செடுத்தது?"

"அதுதானே," என்றார். திரும்பவும் சிரிப்பு. வயது போனால் இப்படித்தான் போல.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி பிறந்தது

குளிர், ஆனால் மழை இல்லை. தலை முழுகி, கார்டின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, முதல் கார்ட் கோயிலுக்கு. வெற்றிலை, பாக்கு, பழத் தட்டில் நடுவே பளபளவென்று.

ஐயர் வாங்கினார். பார்த்தார். கொஞ்சம் இருமினார். "வர்ணம் பிரமாதம்," என்றார். பிறகு பிள்ளையாரின் காலடியில் கார்டைக் கவிழ்த்து வைத்தார். எழுத்துப் பக்கம்தான் மேலே இருக்க வேண்டும் போல. பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை. மனம் நிறைந்துவிட்டது.

ரொறன்ரோவில் இருக்கிற மச்சாளுக்கு (இவரின் தங்கை) வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியாயிற்று. பதில் இன்னும் இல்லை. அங்கே நித்திரையாக இருக்கும். நாளை ஒன்று பா. நிலையத்துக்கு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வெயில், மழை, வானவில். உண்மையான வானவில். இன்றைக்கென்று பார்த்து.

கண்ணாடி இன்னும் வரவில்லையே என்று நானே கடைக்குப் போனேன். கடைப் பிள்ளை சொல்கிறாள், வெள்ளிக்கிழமையே வந்துவிட்டதாம், இவருடைய போனுக்கு மெசேஜ் போட்டார்களாம். வெள்ளிக்கிழமையே!

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் போட்டேன். பிரிட்ஜ் கதவில் கார்ட். புதுக் கண்ணாடியோடு ஆசையாகக் கிட்டப் போனேன்.

மலை இல்லை. முழங்கால்.

மற்ற மலையும் முழங்கால். அது வேறு ஆளுடையது.

ஆறு என்று நினைத்தது அவிழ்ந்த கூந்தல். முகில் என்று நினைத்தது... வேண்டாம், எழுத மாட்டேன். உடுப்பு? ஒரு நூல் கிடையாது. ரெண்டு பேரும் உடுத்தியிருப்பது வானவில் மட்டும்தான். தேத்தண்ணீர் முழுக்க நிலத்தில்.

போர்டில் என்ன எழுதியிருந்திருக்கும் என்று இப்போது விளங்குகிறது. ஐயர் ஏன் கவிழ்த்தார் என்றும் விளங்குகிறது. கார்ட் போன இடங்கள்: பிள்ளையார் காலடி. ரொறன்ரோ. பா. நிலைய ஸ்டாஃப் அறை. ஐயோ என்ரை பிள்ளையாரே! மானம் கப்பலேறிவிட்டது.

இவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றவும் விடவில்லை.

"இது என்ன எண்டு கண்டனீங்களோ?"

"கராஜிலை முதல் கார்டிலையே கண்டனான்."

"சொல்லுறதுக்கு வாய் இல்லையோ? கண்ணாடியையும் எடுக்காமல் ஒளிச்சு..."

"சொன்னா நீர் நிப்பாட்டியிருப்பீர். பிள்ளை அண்டைக்கு எவ்வளவு சந்தோஷமா நிண்டவள். நீர் பாக்கேல்லை, நான் பாத்தனான்."

"எல்லாத்தையும் கிழிச்சு எறியுங்கோ. சிவப்பு அட்டை, பொன் எழுத்து, பிள்ளையார். நாளைக்கே ஓடர் குடுப்பம்."

"முதல் அபியோடை கதையும்," என்றார். அவ்வளவுதான். குளிக்கப் போய்விட்டார். கள்ள மனிசன்.

அபிக்கு போன் எடுத்தேன். வாயைத் திறக்கமுன் அவளே தொடங்கிவிட்டாள். நானே கூப்பிட இருந்தேன் அம்மா, அன்றைக்கு அந்த அறையில் நீங்கள் அந்தப் படத்தைக் காட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, உங்களுக்கு எங்கள் மேல் கோபம் என்றே இவ்வளவு நாளும் நினைத்தேன், வாயால் சொல்ல முடியாததை நீங்கள் படத்தால் சொல்லிவிட்டீர்கள் என்று கார்த்திக்கிடமும் சொன்னேன், அவரும் அழுதுவிட்டார். இதெல்லாம் ஒரே மூச்சில்.

நான் சொல்ல எடுத்தது சிவப்பு அட்டை, பொன் எழுத்து. "சாப்பிட்டனியோ?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

எனக்கே தெரியாமல் நான் ஒரு நல்ல தாயாக இருந்திருக்கிறேன். தெரிந்த பிறகு இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

ஆகஸ்ட் 20, புதன்

நித்திரை இல்லை. வேலைக்குப் போனதும் முதல் வேலை, ஸ்டாஃப் அறையில் கார்டைக் கழற்றுவது. கையை வைக்கிறேன், கூட வேலை செய்கிறவள் ஒருத்தி வந்து, "எவ்வளவு வடிவான மலை! உங்கட ஊரோ?" என்கிறாள். ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கார்ட் அங்கேயே இருக்கிறது.

சனிக்கிழமை கா. அம்மா வருகிறா, கார்ட் பார்க்க. அவவின் கண் கழுகுக் கண். "இதென்ன கர்மம்" என்று கேட்டால்? "எனக்குக் கண்ணாடி இல்லை, தெரியாமல் நடந்தது" என்று ஒரு வார்த்தை சொன்னால் என் மானம் தப்பும். அபியின் முகம்? சோறு இறங்கவில்லை. இவர் ரெண்டு தட்டு சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 23, சனி

தூறல். வீடு கூட்டி, கழுவி, வடை சுட்டு, சேலை மாற்றி, கண்ணாடி போட்டு. (மூக்கில்.)

கா. அம்மா பதினொரு மணிக்கு வந்தா. கையில் தோட்டத்துப் பூக்கோவா, ஒரு பை வெங்காயம், புக்கெகோஹி மண் ஒட்டினபடி. அபியும் கார்த்திக்கும் டவுனில் இருந்து முன்னமே வந்துவிட்டார்கள். வடை, கோப்பி, ஊர்ப் புதினம். நான் கார்ட் கதையே எடுக்கவில்லை. அவவே கேட்டா.

"ஏனுங்க சம்பந்தி, கார்டு எங்கீங்க?"

அபி கொண்டுவந்து கொடுத்தாள். கா. அம்மா கைப்பையில் இருந்து கண்ணாடி எடுத்து, முந்தானையில் துடைத்து, போட்டுக்கொண்டு பார்த்தா. வெளிச்சத்துக்குத் திருப்பினா. தூரப் பிடித்தா. கிட்டப் பிடித்தா. கார்த்திக் வடையை வாயில் வைத்தபடி அசையவில்லை. இவர் கூரையைப் பார்க்கிறார்.

"இது யாரு எடுத்ததுங்க?"

அபி என்னைப் பார்த்தாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

"நான்தான் அக்கா."

"பாத்துத்தான் எடுத்தீங்களா?"

"ஓம். வடிவாப் பாத்துத்தான் எடுத்தனான். புருஷன் பெண்சாதியாப் போகிற பிள்ளையள். இதிலை மறைக்க என்ன இருக்கு?"

என் வாயா சொன்னது? என் வாய்தான்.

கா. அம்மா கண்ணாடியைக் கழற்றினா. "அதுக்கென்னுங்க. எங்கூர்க் கோபுரத்துல இல்லாததா? அண்ணாந்து பாத்துட்டுக் கன்னத்துல போட்டுக்கறோம், அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்தா. "ஆனா ஊருக்கு, பெரியவங்களுக்குப் போற கார்டுல மட்டும், மூலையில வெக்கற மஞ்சளைக் கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சுக்கலாங்க. மஞ்சள் கொண்டாங்க, காட்டறேன்."

கொண்டுவந்தேன். மோதிர விரலால் தொட்டு, படத்தில் எங்கே வைக்க வேண்டுமோ சரியாக அங்கே ஒரு வட்டப் பொட்டு. முகத்தில் சிரிப்பே இல்லை, பூசைக்குரிய பக்தி. கார்த்திக்குக்குத்தான் வடை புரையேறியது. இவர் முதுகில் தட்டப் போய், தானும் சிரித்து, அபியும் நானும் சிரித்து, கடைசியில் கா. அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினா. மத்தியானம் முழுக்க நானும் அவவும் மேசையில் இருந்து ஊர்க் கார்டுகளுக்கு மஞ்சள் வைத்தோம்.

பின்னேரம் குசினியில் நானும் அபியும் மட்டும். அவள் கழுவுகிறாள், நான் துடைக்கிறேன்.

"அம்மா, அண்டைக்கு உங்களிட்டைக் கண்ணாடி இருக்கேல்லை எல்லோ? அப்பா நேற்று சொல்லிப்போட்டார்."

கள்ள மனிசன், ஓட்டை வாயும் கூட.

"ஓம்," என்றேன். பொய் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை.

"இண்டைக்குப் போட்டிருந்தீங்கள்."

கோப்பையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அவள் சவர்க்காரக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் நல்லாக அழுதேன். சேலை எல்லாம் நுரை. மூக்கைச் சீறிவிட்டுக் கேட்டேன், "நாளைக்கு உங்கட ஃப்ளாட்டிலை என்ன சமையல்?"

"ஏன்?"

"நானும் அப்பாவும் வாறம்."

"முழங்கால்?"

"அது சுகம்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெயில். டவுனில் பார்க்கிங் கிடைக்காமல் இவர் நாலு சுற்று. பஸ்ஸில் வந்திருக்கலாம், பஸ்காரர் கேட்க மாட்டார்.

லிஃப்ட். நீட்டு நடைவழி. கதவு. உள்ளே வலது காலை வைத்தேன், யாரும் பார்க்காத மாதிரி.

சின்ன இடம். யன்னலில் எதிர்க் கட்டிடத்தின் பல்கனி, அதில் யாரோ மாணவர்களின் உடுப்பு. ஒரு அறை, ஒரு கட்டில். பார்த்தேன். முகத்தைத் திருப்பவில்லை. போர்வை மூலைக்கு மூலை மடித்திருந்தது, அது அபியின் வேலை இல்லை. கார்த்திக் "வாங்க அத்தை, உக்காருங்க அத்தை" என்று வியர்த்து விறுவிறுத்து ஓடுகிறார். தோசை அவர்தான் சுடுகிறார். முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவது கருகியது. மூன்றாவது மெல்லிசாக, ஓரம் சிவந்து, அப்பாடா. அபி சம்பல் அரைக்கிறாள், உப்புப் பார்க்க என் உள்ளங்கையில் வைக்கிறாள்.

போன். ரொறன்ரோ மச்சாள். கார்ட் கிடைச்சது, நல்ல நிறம், போனில் சின்னனாத் தெரியுது, அது என்ன மலையோ என்று கேட்டா. "பெரிசாக்கிப் பாருங்கோ" என்றேன். பிறகு அவ, "எங்கை நிக்கிறியள்? பின்னாலை தோசைச் சத்தம் கேக்குது."

"அபியின்ரை ஃப்ளாட்டிலை."

"ஓ, அந்தச் சிநேகிதப் பிள்ளையோ சுடுது? நல்ல பிள்ளை போல."

அபி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தாள். கார்த்திக் அடுப்பைக் குறைத்தார்.

"சிநேகிதி எண்டு ஒருத்தரும் இல்லை மச்சாள். அது நான் சொன்ன பொய். அபியும் கார்த்திக்கும்தான் இஞ்சை இருக்கினம், ரெண்டு வருஷமா. மருமகன்தான் தோசை சுடுறார்."

ரொறன்ரோவில் சத்தமே இல்லை.

"ஹலோ? மச்சாள்? கேக்குதோ?"

"கேக்குது," என்றா. பிறகு, "தோசைக்கு என்ன சம்பல்?"

"செத்தல் மிளகாய்ச் சம்பல்," என்றேன்.

அடுத்த தோசை எனக்கு.